பாட்டி சலித்த கோப்பித்தூள்

போன தீபாவளி கழிந்ததும் வீட்டுக்கு ஓர் எஸ்பிரசோ இயந்திரம் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒதுக்கியது 1,500 வெள்ளி. இயந்திரம், கொட்டை அரைக்கும் கிரைண்டர் இரண்டும் அதற்குள் அடங்க வேண்டும். சிரம்பானில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாரும் இயந்திரத்தைத்தான் காட்டினார்கள். பளபளக்கும் எஃகு உடம்பு, அழுத்தம் காட்டும் முள், பெட்டிமேல் பெரிய எழுத்தில் '15 பார்'. கிரைண்டரைப் பற்றிக் கேட்டால், "அத அப்புறம் பாத்துக்கலாம்க்கா" என்ற பதில்தான் வந்தது.

முதலில் மலிவாக ஒரு மின் கிரைண்டர் வாங்கி, வீட்டில் இருந்த கோப்பிக்கடைக் கொட்டையை அதில் கொட்டினேன். இரண்டு நிமிடத்தில் முனகி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தேன். பற்களுக்கு நடுவே தார் மாதிரி கறுப்புப் பிசின். பழைய பல் பிரஷ்ஷால் நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்த மாமா, ஒரு கொட்டையை எடுத்து நகத்தால் சுரண்டினார். "சீனி போட்டு வறுத்ததும்மா இது. ஒங்க பாட்டி இத மெஷின்லயா போட்டா? ஒரல்லதான இடிச்சா."

அந்த உரல் எனக்கு மறந்தே போயிருந்தது.

ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில்தான் அம்மாவும் மாமாவும் பிறந்தார்கள். பள்ளி விடுமுறைக்கு நானும் அங்கே போவேன். கிணற்றடியில் ஒரு கோப்பி மரம் நின்றது. செடி என்று சொல்ல முடியாது, கூரையைத் தாண்டிய மரம். உள்ளங்கையைவிட அகலமான இலை, தடித்த தோலுள்ள பெரிய பழம். பால்வெட்டு முடிந்து வந்த பிறகு பாட்டி பழம் பறிப்பாள். வாசலில் சாக்கு விரித்து நாள்கணக்கில் காய வைப்பாள். தோலை நீக்கி, இரும்புச் சட்டியில் கறுக்க வறுத்து, கடைசியில் சீனியையும் ஒரு கரண்டி மார்ஜரினையும் போட்டுக் கிளறுவாள். சீனி உருகிக் கொட்டையைப் போர்த்தி, ஆறியதும் பாளமாக இறுகிவிடும். அதை உடைத்து உரலில் இடித்துச் சல்லடையில் சலிப்பாள். மேலே தங்கிய கப்பி மறுபடியும் உரலுக்குப் போகும். தூள் ஒரே சீராக வரும்வரை விடமாட்டாள்.

கப்பி என்ற அந்தச் சொல்லை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன். கிரைண்டர் வாங்கும்போது அதுதான் கைகொடுத்தது.

ரப்பர்த் தோட்டத்தில் கோப்பி மரத்துக்கு என்ன வேலை? மாமாவிடம் கேட்டேன். "எங்க ஐயா சொல்வாரு, இந்தப் பக்கமெல்லாம் மொதல்ல கோப்பிதான்னு. எனக்கு வெவரம் தெரிஞ்சப்ப எல்லாம் ரப்பர்." அவ்வளவுதான் அவருக்கு வந்து சேர்ந்த வரலாறு. நான் நூலகத்துக்குப் போனேன். ஜே. சி. ஜாக்சன் 1968-இல் வெளியிட்ட மலாயாத் தோட்டத் தொழில் வரலாறு, கெர்னியல் சிங் சந்து 1969-இல் எழுதிய மலாயா இந்தியர் வரலாறு இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மாமாவின் ஐயா சொன்னது சரி. கதை சிலோனில் தொடங்குகிறது. 1869-இல் அங்கே கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படியத் தொடங்கியது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. சில பத்தாண்டுகளில் அது சிலோன் கோப்பியையே அழித்தது. பிழைப்புத் தேடிய துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் தாமஸ் ஹெஸ்லப் ஹில். அவரும் அவருடைய கூட்டாளி ஆம்புரோஸ் ராத்போர்னும் அன்று சுங்கை ஊஜோங் என்று அழைக்கப்பட்ட நம் சிரம்பான் வட்டாரத்திலும் சிலாங்கூரிலும் காடு வெட்டினார்கள். லின்சம் தோட்டம் அப்படி எழுந்த பழைய கோப்பித் தோட்டங்களில் ஒன்று. சிலோன் மலைகளில் வளர்ந்த அரபிக்கா இந்தத் தாழ்நிலப் புழுக்கத்துக்கு ஒத்துவராது. அதனால் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரிக்கா நடப்பட்டது. அகல இலையும் தடித்த பழத்தோலும் உள்ள மர வகை அதுதான். பாட்டியின் கிணற்றடியில் நின்றதும் அதுவே.

அந்தத் துரைமார் சிலோன் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். ஊருக்கு ஆள் அனுப்பிச் சொந்தபந்தங்களைத் திரட்டிவரும் கங்காணி முறை சிலோன் கோப்பித் தோட்டங்களில் வேரூன்றி, பிறகு இங்கே வந்தது. நம் குடும்பங்களை இந்த மண்ணுக்கு இழுத்த கயிற்றின் ஒரு நுனி கோப்பிச் செடியில் கட்டப்பட்டிருந்தது. ரப்பரால் வந்தோம் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு 1891-இல் ரயில் ஓடியது. கோப்பிக்கு நல்ல காலம் என்றே எல்லாரும் நம்பியிருப்பார்கள். சில ஆண்டுகளில் பிரேசில் கொட்டிக் குவித்த விளைச்சலால் உலக விலை சரிந்தது. இங்கே விட்டில் பூச்சியின் புழு இலைகளை மொட்டையடித்தது. கோப்பி வரிசைகளுக்கு இடையே ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்டன. அவை வளர்ந்து நிழல் கட்டியதும் கோப்பி போனது. பின்னாளில் ரப்பரும் போய், இன்று அந்த வழியில் கார் ஓட்டினால் இரு பக்கமும் செம்பனை.

இங்கே கோப்பி எழுந்து விழுந்த அதே ஆண்டுகளில், எஸ்பிரசோ பிறந்த இத்தாலியில் என்ன நடந்தது என்று பார்த்தேன். 1884-இல் தூரின் நகரத்து ஆஞ்செலோ மொரியோந்தோ நீராவியால் கோப்பி இறக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1901-இல் மிலான் நகரத்து லூய்ஜி பெட்சேரா அதை ஒவ்வொரு கோப்பையாக இறக்கும்படி மாற்றினார். இங்கே ரப்பருக்குக் கோப்பி இடம்விட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நீராவி இயந்திரங்களில் அழுத்தம் குறைவு. அக்கிலே கஜ்ஜியா இரண்டாம் உலகப் போருக்குப் பின் கொண்டுவந்த நெம்புகோல் இயந்திரத்தில்தான் மேலே பொன்னிற நுரை கட்டியது. 1961-இல் ஃபயேமா இ61 இயந்திரம் மின் பம்பால் 9 பார் அழுத்தத்தைத் தந்தது. இன்றும் நல்ல எஸ்பிரசோவுக்கு அந்த 9 பார் போதும். பெட்டிமேல் போட்ட '15 பார்' என்பது பம்பின் உச்ச வலிமை. கோப்பி அத்தனை அழுத்தத்தைக் கேட்பதில்லை.

இதைப் புரிந்துகொண்டதும் கடைகளில் பார்த்ததெல்லாம் தெளிவானது. 18 கிராம் தூளை அழுத்தி, சுமார் 93 டிகிரி வெந்நீரை 9 பாரில் செலுத்தினால், 25 முதல் 30 வினாடிக்குள் 36 கிராம் கோப்பி இறங்க வேண்டும். தூளில் கப்பியும் மாவும் கலந்து கிடந்தால் தண்ணீர் இளகிய இடமாகப் பார்த்து ஓடிவிடும். கப்பி புளிக்கும், மாவு கசக்கும். எத்தனை ஆயிரம் வெள்ளி இயந்திரமானாலும் இதைத் திருத்த முடியாது. மலிவு இயந்திரங்களில் வரும் இரட்டைச் சுவர் வடிகட்டி இதை மறைக்கத்தான் இருக்கிறது. ஒற்றைத் துளை வழியே கோப்பியைப் பீய்ச்சி நுரையைக் காட்டிவிடும், ருசியைத் தராது. பாட்டியின் சல்லடை செய்த வேலையைத்தான் கிரைண்டரின் பற்கள் செய்ய வேண்டும். அப்படியென்றால் பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

ஏறக்குறைய பாதிப் பணத்தைத் தைவானில் செய்த ஒரு கைக் கிரைண்டருக்குக் கொடுத்தேன். மோட்டார் இல்லாததால் காசு முழுவதும் எஃகுப் பற்களுக்கும் அவை ஆடாமல் நிற்கும் அச்சுக்கும் போகிறது. மயிரிழை மயிரிழையாகத் திருகி நைசாக்கலாம். இயந்திரத்தில், 58 மில்லிமீட்டர் வடிகட்டியுள்ள கஜ்ஜியா கிளாசிக் மேல்தான் கண். அது கைக்கு எட்டவில்லை. 51 மில்லிமீட்டர் டெலோங்கி டெடிகாவைக் கழிவு விலையில் எடுத்து, மீதியில் ஒற்றைச் சுவர் வடிகட்டியும் சின்னத் தராசும் வாங்கினேன். அந்த விலைக்கு அதைவிட நல்ல சேர்க்கை கிடைக்காது என்று இன்றும் சொல்வேன்.

கொட்டைக்கு ஜொகூர் லைபீரிக்கா, சீனியும் மார்ஜரினும் படாமல் இளம்பதமாக வறுத்தது. முதல் தடவை பன்னிரண்டு வினாடியில் ஓடிவிட்டது. திருகை இரண்டு புள்ளி இறுக்கினேன். அரைக்க அரைக்கக் கை கடுத்தது. மூன்றாம் தடவை 28 வினாடி. எலிவால் போல மெல்லிசாக இறங்கி, மேலே நுரை நின்றது.

மாமா கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். "பலாச்சுளை வாசம்" என்றார். லைபீரிக்காவின் வாசம் அது. அடுத்து ஒரு வாய் குடித்தார். "சீனி இல்லாம எங்கம்மா இத ஒரு நாளும் குடுத்ததில்ல" என்று சொல்லிவிட்டு மேசையில் நிறுத்தியிருந்த கிரைண்டரைத் திறந்து, அடியில் தங்கிய தூளை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கப்பி இல்லம்மா," என்றார்.