அகல டயர் அழகுதான், மழையில்?

அகல டயர் போட்டால் காடி எடுப்பாக இருக்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. காய்ந்த சாலையில் வளைவுகளில் பிடிமானமும் கூடும். என் மகன் தன் மைவிக்கு அப்படி மாற்ற ஆசைப்பட்டபோது நான் கேட்டது ஒன்றுதான்: “மழையில என்னய்யா செய்வ?”

வாராவாரம் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குப் போய் வருகிறவன் அவன். தாப்பா, பீடோர் பக்கம் மாலை மழை பிடித்தால் முன்னால் போகிற லோரிகூடத் தெரியாது. அகல டயர் கூடுதல் தண்ணீரை விலக்கியாக வேண்டும். அதனால் குறைந்த வேகத்திலேயே தண்ணீரின்மேல் மிதக்கத் தொடங்கிவிடும். அந்த நொடியில் ஸ்டீயரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது.

“பத்து மில்லிமீட்டர்தானப்பா!” என்றான். அவன் காடிக்கு வந்த அளவு 185/55 ஆர்15. 195/50 போட்டால் டயரின் உயரம் சுமார் 8 மில்லிமீட்டர் குறையும். 195/55 போட்டால் 11 மில்லிமீட்டர் கூடும். காடி உண்மையில் ஓடும் வேகத்தைவிட மீட்டர் சற்றுக் குறைத்துக் காட்டும். இரண்டிலும் பெட்ரோல் செலவு கொஞ்சம் ஏறலாம், விலையும் கூடுதலாக இருக்கலாம்.

கடைசியில் பழைய அளவிலேயே, மழைக்கு நன்றாகப் பிடிக்கும் நான்கு புது டயர்களை வாங்கினான்.

டயரில் உள்ள பள்ளக் கோடுகளை மலாய்மொழியில் ‘பூ’ என்பார்கள். அந்தப் பூ 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயக்கூடாது என்பது சட்டம். அகலத்தை யோசிக்குமுன் உங்கள் காடியின் பூவை ஒருமுறை குனிந்து பாருங்கள்.