செவிக்கு எட்டாத கூச்சல்

ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் சூரியன் மறைவதே ஒன்பதரை மணிக்குத்தான். மறைந்த பிறகும் வானத்தின் வடமேற்கு ஓரம் பத்தரை வரை வெளுத்துக் கிடக்கும். மதுரையில் விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் இருட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறது. அந்தியை இவ்வளவு நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கலாம் என்பதை அங்கே போன கோடையில்தான் தெரிந்துகொண்டேன். சும்மா உட்காரவில்லை, வௌவால் எண்ணுவதற்காக உட்கார்ந்தேன்.

என் மகள் அந்த ஊரில் வேலை பார்க்கிறாள். உள்ளூர் வௌவால் குழுவில் தன்னார்வலராகவும் இருக்கிறாள். "கோடைன்னு நம்பாதேம்மா, ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்று சொல்லி, ஏவன் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்கு என்னை அழைத்துப் போனாள். கல் வீடு ஒன்றின் பின்புறத் தோட்டம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கல்லூரி மாணவன் ஒருவன், குழுவை நடத்தும் அறுபது வயதுப் பெண்மணி, நாங்கள். வீட்டுக்காரர் எல்லோருக்கும் தேநீர் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய கூரையில் குடியிருப்பவற்றை அவரும் எண்ண வேண்டுமல்லவா!

பிரிட்டனில் குட்டி போட்டு வளர்க்கும் வௌவால் இனங்கள் 17. அவற்றை நாடு முழுக்கக் கணக்கெடுக்கும் திட்டத்தை வௌவால் பாதுகாப்பு அறக்கட்டளை 1996-லிருந்து நடத்திவருகிறது. எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் தபால்காரரைப் போன்றவர்கள்தான். 1981-ம் ஆண்டுச் சட்டப்படி வௌவாலைத் துன்புறுத்தினாலும் குற்றம், அது தங்கும் இடத்தை அடைத்தாலும் குற்றம். உள்ளே வௌவால் இல்லாத மாதத்தில் அடைத்தாலும் விடமாட்டார்கள். ஓடு மாற்றுவதற்கு முன்னால் வீட்டுக்காரர் ஆலோசனை கேட்டாக வேண்டும். நம் நாட்டு வனவிலங்குச் சட்டத்தில் பழந்தின்னி வௌவால்கள், ஓரிரு அரிய இனங்கள் நீங்கலாக, தீங்குயிர்ப் பட்டியலில்தான் இருந்தன. 2022-ல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பட்டியலையே எடுத்தார்கள். ஆலமரங்களில் தொங்கும் வௌவால்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கிராமங்கள் தமிழ்நாட்டில் இருக்க, சட்டம் இத்தனை காலம் பின்தங்கி நின்றதே என்ற வருத்தம் அந்தத் தோட்டத்தில் உட்கார்ந்தபோது எனக்கு வந்தது.

சூரியன் மறைந்து கால் மணி ஆகியிருக்கும். இறவாணத்துக்கும் சுவருக்கும் நடுவே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு. அதிலிருந்து ஏதோ நழுவி விழுந்தது. தரைக்கு வருமுன்னே சிறகாகி, எங்கள் தலைக்கு மேல் போய்விட்டது. "ஒன்று" என்றாள் மகள். கையில் இருந்த எண்ணும் கருவியைத் தட்டினேன். அடுத்தது, அடுத்தது, பிறகு இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக. வாசலைவிட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, பறந்து போனதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதான் எனக்குச் சொல்லப்பட்ட ஒரே விதி. ஐந்தாறு கிராம் எடையுள்ள பிராணி. ஒரே இரவில் 3,000 பூச்சி வரை தின்னும். எல்லாம் பெண்கள், கர்ப்பிணிகள். இலையுதிர் காலத்தில் கூடி, ஆணின் விந்தைக் குளிர்காலம் முழுக்க வயிற்றில் பத்திரப்படுத்தி, வசந்தத்தில்தான் கருவாக்கிக்கொள்கின்றன. ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டி. அந்தக் குட்டிகள் பறக்கத் தொடங்கினால் கணக்கு குழம்பிவிடும். அதனால்தான் ஜூனிலேயே எண்ணி முடிக்கிறார்கள். என் கருவி 200-ஐத் தாண்டியபோதும் இடுக்கிலிருந்து வந்துகொண்டே இருந்தன.

அவ்வளவும் நடந்தது நிசப்தத்தில். குழுத் தலைவி தன் பெட்டியை என்னிடம் கொடுக்கும்வரை நான் அப்படித்தான் நினைத்தேன்.

கையடக்கப் பெட்டி அது. முகப்பில் ஒரு திருகு, சுற்றிலும் கிலோஹெர்ட்ஸ் எண்கள். நம் காதுக்கு 20-க்கு மேல் எட்டாது. வௌவால் கத்துவதோ பெரும்பாலும் அதற்கு மேலே. பெட்டி அந்த மீயொலியை நமக்குக் கேட்கும் ஒலியாக இறக்கிக் கொடுக்கும். திருகை 55-க்குக் கொண்டுபோகச் சொன்னார். கொண்டுபோனேன். தோட்டமே வெடித்துவிட்டது. டப் டப் டப் டப் என்று நாலா பக்கமும் ஈரமான அறைகள். நடுநடுவே அந்த டப்புகள் நெருங்கி நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, 'ப்ர்ர்ர்ப்' என்று முடியும். ஒரு கொசுவைப் பிடிக்கப் போகிற கணம் அது. சும்மா பறக்கும்போது வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு முறை கத்துகிற வௌவால், இரையை நெருங்கும்போது 200 முறை வரை கத்தி எதிரொலி வாங்குகிறது. தன் வாய்க்கு அருகே அந்தக் கூச்சல் 100 டெசிபலைத் தாண்டும். நம் காதுக்கு எட்டும் ஒலியாக அது இருந்திருந்தால் அந்தக் கிராமத்தில் ஒருவரும் கோடையில் தூங்கியிருக்க முடியாது. பெட்டியை அணைத்தேன். எங்கோ ஓர் ஆடு கத்தியது, அவ்வளவுதான். மறுபடி போட்டேன். அன்றிரவு எத்தனை முறை அப்படிப் போட்டு அணைத்தேன் என்று தெரியாது. அமைதி என்று இத்தனை வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது என் காதின் எல்லையைத்தான் என்பது மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது.

திருகை ஏன் 55-ல் வைக்கச் சொன்னார் என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பிரிட்டனில் மிகச் சாதாரணமாகத் தென்படும் வௌவால் பிப்பிஸ்ட்ரெல். சோழமண்டலக் கரையின் பெயரையே தாங்கிய சிறு உறவினர் ஒன்று அதற்கு நம் பக்கத்தில் உண்டு. தெருவுக்குத் தெரு கூரைகளில் வாழ்ந்த அந்தப் பிராணியை ஒரே இனம் என்றே இயற்கை ஆர்வலர்கள் எழுதிவந்தார்கள். பக்கத்து ஊரான பிரிஸ்டலின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993-ல், இவற்றில் சில 45 கிலோஹெர்ட்ஸ் வாக்கிலும் சில 55 வாக்கிலும் கத்துகின்றன, இரண்டும் ஒரே கூரையில் கலந்து வாழ்வதில்லை என்று காட்டினார்கள். மரபணுச் சோதனையும் அதையே சொன்னது. உரோமத்தையும் பல்லையும் பார்த்துக் கண்ணால் பிரிக்க முடியாததைக் காதால் பிரித்துவிட்டார்கள். நான் எண்ணியது 55-காரர்களை, சோப்ரானோ பிப்பிஸ்ட்ரெல் என்று பெயர்.

குதிரைலாட வௌவால்களைக் கேட்டது வேறொரு மாலை, பழைய குதிரை லாயம் ஒன்றின் வாசலில். பெட்டியில் 110. இதன் குரல் டப் டப் இல்லை. நாதஸ்வரத்தில் மாட்டுவதற்கு முன் சீவாளியை மட்டும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பார்களே, அப்படி ஒரு குழைவு, ஏறி இறங்கி நடுங்கும் ஒற்றை ஸ்வரம். இவை வாயால் கத்துவதில்லை, மூக்கால் கத்துகின்றன. முகத்தில் லாட வடிவில் இருக்கும் தோல்மடிப்பு அந்த ஒலியைக் குவித்து அனுப்புகிறது. முன்னோக்கிப் பறக்கும்போது எதிரொலியின் சுருதி கூடுமல்லவா? அது எவ்வளவு கூடுமோ அவ்வளவுக்கு வௌவால் தன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது, திரும்பி வரும் ஒலி தன் செவிக்கு மிக நன்றாகக் கேட்கும் சுருதியிலேயே விழும்படி. பறந்துகொண்டே, இருட்டில், கணத்துக்குக் கணம். இதை மாணவன் எனக்கு விளக்கிச் சொன்னபோது இரண்டு தடவை சொல்லச் சொன்னேன், புரியாததால் இல்லை.

லாயத்தில் எண்ணுவது கஷ்டம். இந்த வௌவால்கள் வெளிச்சம் இன்னும் இருக்கிறதா என்று வெளியே வந்து பார்க்கும், உள்ளே திரும்பும், மறுபடி வரும். அதனால் வலது கைக் கருவியில் வெளியே வந்தவை, இடது கையில் உள்ளே போனவை, கடைசியில் கழித்தல். வெளிச்சத்துக்கு அவ்வளவு அஞ்சுகின்றன. 2009-ல் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் உயிர்வேலிகளின் ஓரமாக விளக்குகளை வைத்துப் பார்த்தார்கள், வேலியை ஒட்டியே பறக்கும் சிறிய குதிரைலாட வௌவால்களின் போக்குவரத்து வெகுவாகக் குறைந்துபோனது. ஒரு தெருவிளக்கு அவற்றுக்கு அடைத்த கதவு. வேலியை வெட்டிவிட்டாலும் அப்படித்தான்.

இன்னொரு சங்கிலியும் உண்டு, மாடு வைத்திருந்த வீட்டில் பிறந்த எனக்கு அது உடனே பிடிபட்டது. பெரிய குதிரைலாட வௌவாலின் குட்டிகள் முதன்முதலாக இரை தேடப் போவது பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்கு, சாண வண்டு பிடிக்க. மாட்டுக்கு வயிற்றுப் புழுவுக்காகக் கொடுக்கும் மருந்து சிலது சாணத்திலேயே தங்கிவிடுகிறது. அந்தச் சாணத்தில் வண்டு வளராது. வண்டு இல்லாத வயலில் குட்டி பட்டினி. கடந்த நூற்றாண்டில் இந்த இனத்தில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். மருந்தை மாற்றி, மாடுகளைத் திறந்த மேய்ச்சலில் விட்டு, வேலியை உயர விடும் விவசாயிகளுக்கு மானியம் உண்டு. தன்னார்வலர்களின் கணக்குப்படி 1999-லிருந்து பெரியதும் சிறியதுமாகக் குதிரைலாட வௌவால்கள் இரண்டுமே கூடிவருகின்றன. லாயத்து வாசலில் கொசுக்கடியோடு கழித்துப் போட்ட எண்கள் சேர்ந்துதான் அந்தச் செய்தி வந்திருக்கிறது. வௌவாலுக்கு இடம் விட்டது விவசாயிகள் மட்டுமில்லை. பாத் நகரத்தின் அழகான தேன்நிறக் கல்லை வெட்டி எடுத்த கூம் டவுன் சுரங்கங்கள் இடிந்து வீடுகளை விழுங்கிவிடும் என்று அஞ்சி, 2005 முதல் 2010 வரை நுரைக் கான்கிரீட் கொட்டி நிரப்பினார்கள். அப்போதும் வௌவால்கள் குளிர்காலம் உறங்குவதற்கென்று சில அறைகளையும் வழிகளையும் விட்டுவைத்தார்கள் என்று தபால்காரர் பெருமையோடு சொன்னார்.

விடியற்காலைக் கணக்கு இன்னொரு ரகம். மூன்றரை மணிக்கு எழுந்து போக வேண்டும், ஐந்துக்குச் சூரியன் வந்துவிடும். கரும்பாடிப் பறவைகள் அதற்குள் கச்சேரியைத் தொடங்கியிருந்தன. மாலையில் வௌவால் ஒரு வினாடியில் நழுவிப் போய்விடும், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது கடினம். விடியலில் வீடு திரும்பும்போது அப்படியில்லை. வாசல் முன்னால் வட்டமடிக்கும், இடுக்கில் மோதுவது போல வரும், விலகும், மறுபடி வரும். முதலில் நாலைந்து, பிறகு ஐம்பது அறுபது, சுவரோரத்துக் காற்றே சுழல்வது போலிருந்தது. வெளிச்சம் கூடக் கூட ஒவ்வொன்றாக உள்ளே போய், கடைசி ஒன்றும் போனது. அந்தத் தெருவில் இதுவரை யாருக்கும் தெரியாதிருந்த வாசல் அது. தலைவி வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டார்.

வெளிச்சமே எட்டாத குகைக்குள் இருக்கும் வௌவாலுக்கு நேரம் எப்படித் தெரிகிறது என்று அப்போது பேச்சு வந்தது. இதற்கு எங்கள் ஊர்க்காரர்கள் விடை கண்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து குழுவினர் பல்கலைக்கழகத்தை ஒட்டிய மலைக்குகையில் வௌவால்களைக் கூண்டில் வைத்து ஆராய்ந்தார்கள். பகலையும் இரவையும் பார்க்க முடியாத அந்தக் கூண்டு வௌவால்கள், சுற்றியிருந்த கூட்டம் மாலையில் கிளம்புவதையும் விடியலில் திரும்புவதையும் வைத்தே தங்கள் உடல் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டன. கூட்டம் இல்லாத இடத்தில் அந்தக் கடிகாரம் தன்போக்கில் நகர்ந்தது. 1981-ல் வெளியான ஆய்வு அது. மாணவன் அந்தப் பெயர்களை எழுத்துக்கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டான். அந்த மலையைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான்.

ஆகஸ்டில் வேலை கால்வாய்க்கு மாறியது. கென்னட் ஏவன் கால்வாய், ஜான் ரென்னி கட்டிய டண்டாஸ் பாலத்தின் மேல் ஏறி ஆற்றைக் கடக்கிறது. 1805-லிருந்து அந்தக் கல்பாலம் நிற்கிறது, கீழே ஓர் ஆறு, மேலே ஒரு கால்வாய், அதில் படகுகள். கரையோரமாக ஒரு கிலோமீட்டர், அதில் பத்து இடங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு நிமிடம். சூரியன் மறைந்து 40 நிமிடம் கழித்துத் தொடங்க வேண்டும். திருகு 35-ல். எண்ணுவது டாபென்டன் வௌவாலை. ஒரு சாண் உயரத்தில் தண்ணீரை ஒட்டியே பறக்கும், மேற்பரப்பில் மிதக்கும் பூச்சியைப் பின்னங்காலால் வாரி எடுக்கும். மகள் டார்ச்சைத் தண்ணீருக்குக் குறுக்கே பிடித்தாள், ஒளிக்கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு வெளிறிய வயிற்றையும் நான் எண்ணினேன். ஓரிடத்தில் நான்கு நிமிடமும் ஒன்றும் வரவில்லை. "பூஜ்யம்னே எழுதும்மா" என்றாள். அந்த இடத்தில் கரை மரங்களை வெட்டியிருந்தார்கள்.

அன்று பேத்தியும் எங்களோடு வந்திருந்தாள், எட்டு வயது. கடைசி இடத்தில் நின்றபோது மேலே கைகாட்டி, "பாட்டி, இது எனக்கு மெஷின் இல்லாமலே கேக்குது" என்றாள். யாரும் நம்பவில்லை. தலைவி தன் பெட்டியை 20-க்குத் திருகினார், சிப் சாப், சிப் சாப் என்று உரக்க வந்தது. மரங்களுக்கு மேலே நாக்டியூல், அந்த நாட்டின் பெரிய வௌவால்களில் ஒன்று. திறந்தவெளியில் அதன் குரல் 20 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கும், குழந்தைகளின் காது சில சமயம் அதைப் பிடித்துவிடும், வயதானால் போய்விடும் என்று அவர் விளக்கினார். பிறகு பெட்டியை அணைத்துவிட்டு, கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார். அவள் தூக்கினாள். நான் அவள் கையைப் பார்த்து எண்ணினேன். படிவத்தின் குறிப்புப் பகுதியில் தலைவி அதையும் எழுதி, எண்ணியவர்கள் என்ற இடத்தில் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.