கிரியாட்டினினும் கெண்டைக்காலும்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் கிரியாட்டினினுக்குக் கீழே இப்போதெல்லாம் இ-ஜிஎஃப்ஆர் என்று இன்னொரு வரியும் அச்சாகி வருகிறது. சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்ற கணக்கு. ஸ்ரீரங்கத்தில் என்னிடம் வருகிறவர்கள் அதைப் பரீட்சை மார்க் மாதிரி பார்க்கிறார்கள். 90 என்றால் பாஸ்; 55 என்றால் வீடே கலங்கிவிடுகிறது. வடிகட்டுவதை யாரும் நேராக அளக்கவில்லை, கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றை வைத்துப் போட்ட மதிப்பீடுதான் அது என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதய மருத்துவத்துக்குள் இந்த எண் வந்ததில் நியாயம் உண்டு. 2004இல் கலிபோர்னியாவில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து வந்த ஆய்வு, இது 60க்குக் கீழே இறங்க இறங்க மாரடைப்பு, பக்கவாதம், மரணம் எல்லாம் கூடுவதைக் காட்டியது. அமெரிக்க இதயச் சங்கம் 2023இல் வெளியிட்ட ப்ரிவெண்ட் கணக்கீட்டில் கொழுப்பு, ரத்த அழுத்தத்தோடு இதையும் கேட்கிறார்கள். அதில் எனக்குத் தகராறு இல்லை. நாம் உள்ளே போடும் எண் யாருடைய உடம்பைச் சொல்கிறது என்பதில்தான் தகராறு.

கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தால் அதுவும் குறையும்; சூத்திரமோ அதைச் சிறுநீரகத்தின் பெருமையாக எழுதிவிடும். உத்தர வீதிகளில் நான் பார்க்கும் மாமிகளில் ஒரு மாதிரியைச் சொல்கிறேன். வயது 76, எடை 41 கிலோ, பிறந்ததிலிருந்து சைவம், பல வருஷச் சர்க்கரை. கிரியாட்டினின் 0.7. "கிட்னி நன்னா இருக்கோல்லியோ டாக்டர்?" இ-ஜிஎஃப்ஆருக்கான 2021ஆம் ஆண்டுச் சூத்திரப்படி 90. எடையையும் கேட்கிற 1976ஆம் ஆண்டின் காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தில் அதே மாமிக்கு 44! இதில் பாதி வித்தியாசம் உடற்பரப்பால் வருவது. முன்னது எல்லோரையும் 1.73 சதுர மீட்டர் உடம்பாக எடுத்துக்கொள்கிறது. அது 1920களின் இளம் அமெரிக்கர்களின் சராசரி. மாமிக்கு 1.3 தேறினால் அதிகம். அதைச் சரிசெய்தாலும் 68க்கும் 44க்கும் நடுவில் எங்கோ நிற்கிறோம். அடுத்த முறை லேப்பில் 0.7க்குப் பதில் 0.8 என்று வந்தால் 90 என்பது 76 ஆகிவிடும். அந்த 0.1 பல நேரம் இயந்திரத்தின் சஞ்சலம்.

இது ஸ்ரீரங்கத்துக்கு மட்டுமான சிக்கல் இல்லை. சண்டிகர் பிஜிஐ மருத்துவர்கள் இனுலின் செலுத்தி உண்மையாகவே அளந்து பார்த்து, கிரியாட்டினின் சூத்திரங்கள் இந்தியர்களுக்குக் கூட்டியே காட்டுகின்றன என்று 2018இல் எழுதினார்கள். வெளிநாட்டுத் தொகுப்பாய்வுகளிலும் ஒரு விநோதம் தெரிந்தது: கிரியாட்டினின் வழியாக இந்த எண் மிக உயர்ந்து நிற்பவர்களிடமும் இறப்பு கூடியது. சிறுநீரகம் நன்றாக இருந்ததால் யாரும் சாகவில்லை. தேய்ந்துபோன உடம்புகள் அந்த வரிசையில் போய் உட்கார்ந்திருந்தன.

இதயம் பலவீனமானவர்களிடம் இது இன்னும் மோசம். பம்ப் செய்யும் சக்தி குறையக் குறைய சதை கரைகிறது, கிரியாட்டினின் இறங்குகிறது, ரிப்போர்ட் மேம்பட்டதுபோல் தெரிகிறது. சர்க்கரைப் புண்ணால் காலை எடுத்தவருக்கும் இதே கதைதான். அதனால் எண்ணைப் படிக்கும் முன் வேட்டியையோ புடவையையோ சற்று உயர்த்தச் சொல்லிக் கெண்டைக்காலைப் பிடித்துப் பார்ப்பேன். வீக்கம் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்; அதுவும்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற 42 வயதுக்காரருக்கு 1.3 வந்தால் சூத்திரம் 70 என்கிறது. முந்தைய ராத்திரி மட்டன் சாப்பிட்டிருப்பார். வெந்த இறைச்சியிலேயே கிரியாட்டினின் இருக்கிறது. "டயாலிசிஸா சார்?" என்று மனைவி அழுதுகொண்டு நிற்பார். சிறுநீரில் ஆல்புமின் இல்லை என்றால் இரண்டு நாள் கறியை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லி அனுப்புகிறேன்.

சிஸ்டாட்டின் சி என்ற இன்னொரு பரிசோதனை இருக்கிறது. தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. ஆனால் ஸ்டீராய்டு, தைராய்டு, புகை, பருமன் எல்லாம் அதை ஆட்டும். எங்கள் பக்கத்துச் சிறு லேப்களில் செய்வதில்லை, வெளியூருக்கு அனுப்புகிறார்கள், செலவும் கூட. முடிகிறவர்களுக்கு எழுதுகிறேன். எல்லோருக்கும் எழுதுவது காலைச் சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம். கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால், இ-ஜிஎஃப்ஆர் 90 ஆனாலும் இதயத்துக்கு ஆபத்து கூடுதல். மெலிந்தவர்களிடம் இந்த விகிதமும் கொஞ்சம் கூட்டிக் காட்டும், கீழே வகுக்கிற கிரியாட்டினினே குறைவு என்பதால். பிழையே வருவதானால் எச்சரிக்கும் பக்கம் வரட்டும். மாமிக்கு 110 வந்தது. மறுமுறையும் கிட்டத்தட்ட அதே. ஸ்டாட்டின் தொடங்கினேன், பிரஷர் மாத்திரையை மாற்றினேன்.

புதிய பிரஷர் மாத்திரையில் கிரியாட்டினின் முதலில் சற்று ஏறலாம், பொட்டாசியமும் ஏறலாம்; இரண்டு வாரத்தில் பார்த்தாக வேண்டும். காலண்டரைப் பார்த்தால் அது மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாளில் விழுந்தது. பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் இருந்து, விடியலில் பரமபத வாசல் கூட்டத்தில் நின்றுவிட்டு ரத்தம் கொடுத்தால் அந்த எண்ணை நான் எங்கே வைத்துப் படிப்பது? மூன்று நாள் தள்ளி தேதி எழுதிக் கொடுத்தேன். "அன்னிக்கும் வெறும் வயித்தோடயா?" என்றார். வேண்டாம், தண்ணீர் குடித்துவிட்டே வாருங்கள் என்றேன்.