கேட்காத குரல்

நுழையும்முன்

பொருளொன்று இயங்காதபோது, ‘கெட்டுவிட்டது’ என்று சொல்லிவிடுவது எளிது. எந்த இடத்தில், எக்காரணத்தால் அது நின்றது என்று முறையாகத் தேடுவதே அறிவுடைமை. மடிக்கணினியின் ஒலிவாங்கி ஒன்றைக்கொண்டு இப்பாடம் அத்தேடலை விளக்குகிறது.

மடிக்கணினித் திரையின் மேல்விளிம்பிலோ விசைப்பலகையின் அருகிலோ ஊசிமுனை அளவில் ஓரிரு துளைகள் காணப்படும். அவற்றின் பின்னே ஒலிவாங்கி அமைந்துள்ளது. நாம் பேசும்போது காற்றில் எழும் அதிர்வு, அதிலுள்ள மெல்லிய சவ்வை அசைக்கிறது. அவ்வசைவு மின்குறிப்பாகிப் பின்னர் எண்களாக மாறுகிறது. நொடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக்குவது இன்று பெருவழக்கு. அவ்வெண்களே தொலைவிலுள்ள மறுகணினியில் மீண்டும் குரலாகின்றன.

ஊரைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் குடும்பங்களுக்கு அச்சிறு துளையின் அருமை நன்கு தெரியும். நாக்பூரில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றின் எட்டாம் வகுப்பு மாணவி, ஞாயிறுதோறும் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் இருக்கும் தன் ஆச்சிக்குத் தமிழ்ப் பாடத்தை வாசித்துக் காட்டுவாள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் மராத்தியும் பேசும் அவளுக்கு, வாரத்தில் அந்த ஒரு மணி நேரமே முழுத் தமிழ்ப்பொழுது. ழகரத்தை அவள் நழுவவிட்டால் ஆச்சி உடனே திருத்துவார். ஆச்சிக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. திரையில் தோன்றும் பேத்தியின் முகம் அவருக்கு வெறும் நிழல். குரலே அவருக்கு எல்லாம்.

அண்ணன் தந்த பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்டிருந்தது. ஒரு ஞாயிறன்று, “யாரு பேசுறது தாயி? ஒண்ணும் கேக்கலையே!” என்று ஆச்சி திரும்பத் திரும்பக் கேட்டார். பேத்தி உரக்கப் பேசியும் பயனில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

“அண்ணா, மைக் கெட்டுப்போச்சு. புதுசு வாங்கணும்” என்றாள் அவள்.

“கெட்டுப்போச்சுன்னு எதை வச்சுச் சொல்ற?” என்று கேட்டான் பொறியியல் கல்லூரியில் பயிலும் அண்ணன்.

அக்கேள்விக்கு அவளிடம் விடையில்லை. நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கூறும் நெறி. கணினிக்கும் அதுவே பொருந்தும். குரல் கடந்து செல்லும் வழியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும்.

முதற்படி, கருவி. சில மடிக்கணினிகளில் ஒலிவாங்கியை அடைப்பதற்கென்றே தனி விசையும் அதனையொட்டிச் சிறு விளக்கும் உண்டு. கைதவறி அவ்விசையை அழுத்தியிருக்கலாம். துளையில் தூசி படிந்திருந்தால் மென்தூரிகையால் மேலோட்டமாகத் துடைக்கலாம். ஊசியால் குத்தினால் சவ்வு கிழியும்.

இரண்டாம் படி, இயங்குதளம். ‘ஒலி’ அமைப்பிலுள்ள உள்ளீட்டுப் பட்டியலில் ஒலிவாங்கியின் பெயர் இருக்கிறதா என்று காண வேண்டும். இல்லையெனில், கருவியைக் கணினிக்கு அறிமுகம் செய்யும் இயக்கி மென்பொருளில் குறையிருக்கலாம். அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் அதற்கெனத் தனி நிலைபொருளும் நிறுவப்பட வேண்டும்.

மூன்றாம் படி, அளவு. பெயர் பட்டியலில் இருந்தும் ஒலியளவு சுழியத்தில் இருக்கலாம்; அல்லது ஹெட்போனின் ஒலிவாங்கி தேர்வாகியிருக்கலாம்.

நான்காம் படி, செயலி. ஒலிவாங்கியைப் பயன்படுத்தும் இசைவு செயலிக்கு வழங்கப்பட்டுள்ளதா என்று நோக்க வேண்டும்.

அவள் நான்கையும் வரிசையாக ஆராய்ந்து குறிப்பேட்டில் எழுதினாள். எல்லாம் சரியாகவே இருந்தன. பிறகு தன் குரலைக் கணினியிலேயே பதிவு செய்து ஹெட்போனில் கேட்டாள். குரல் தெளிவாக ஒலித்தது! ஒலிவாங்கி கெடவில்லை என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. ஆயினும், அழைப்பில் மட்டும் அக்குரல் ஏன் கேட்கவில்லை?

அண்ணன் பதிவின் அலைவடிவத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினான். இடத்தடம், வலத்தடம் என இரண்டு தடங்கள் இருந்தன. இடத்தடத்தில் அலை மேலெழும் ஒவ்வோர் இடத்திலும் வலத்தடத்தில் அது கீழிறங்கியது. ஒன்றில் +5 என்றால் மற்றதில் −5. ஹெட்போனில் ஒவ்வொரு காதும் ஒவ்வொரு தடத்தைத் தனியே கேட்டதால் குரல் ஒலித்தது. அழைப்புச் செயலியோ இரு தடங்களையும் கூட்டி ஒன்றாக்கி அனுப்பியது. +5ஐயும் −5ஐயும் கூட்டினால் சுழியம். ஒரே குரலின் இரு வடிவங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. ஆச்சியின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது மௌனமே.

காரணம் தெரிந்தபின் தீர்வு எளிதாயிற்று. ஒலியளவுக் கட்டுப்பாட்டில் இரு தடங்களையும் பிணைத்திருந்த பூட்டுக் குறியை விடுவித்து, வலத்தடத்தை மட்டும் சுழியத்துக்குக் குறைத்தாள். அன்று மாலையே ஆச்சி, “இப்பக் கேக்குது தாயி, வாசி” என்றார். பாடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

சில மடிக்கணினிகளில் காணப்படும் இக்குறையை முன்பே அறிந்தோர், அதற்கான திருத்தத்தை லினக்ஸின் ஒலி இயக்கியிலேயே சேர்த்துள்ளனர். உரிய விருப்பத்தேர்வை அமைத்தால் அத்திருத்தம் நிலையாகச் செயற்படும். இது திறந்த மூல மென்பொருளின் இயல்பு. 1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளம் லினக்ஸ் வழிவந்ததே. கேரளப் பள்ளிகளிலும் லினக்ஸ் பயன்பாட்டில் உள்ளது. லினக்ஸின் பட்டிகளையும் செய்திகளையும் தன்னார்வலர்கள் தமிழாக்கியிருப்பதால், தமிழிலேயே அதனை இயக்கவும் இயலும்.

மூலம் திறந்திருப்பதால் மட்டும் குறை நீங்கிவிடாது. கண்டதைக் கண்டவாறு எழுதி வைப்பவரும் வேண்டும். மடிக்கணினியின் வகை யாது, இயங்குதளத்தின் பதிப்பு யாது, எதைச் செய்தபோது என்ன நிகழ்ந்தது, எது பயன் தந்தது என நான்கு வரிகள் எழுதி வைத்தால் போதும். அவை பிறிதொரு நகரில், அதே மௌனத்தின் முன் திகைத்து நிற்கும் ஒருவருக்கு வழிகாட்டும்.

சொல்லும் பொருளும்

ஒலிவாங்கி – மைக்
இயங்குதளம் – கணினியின் பணிகளை ஒழுங்குசெய்யும் அடிப்படை மென்பொருள்
நிலைபொருள் – கருவியை இயக்குவதற்கென அதனுள் ஏற்றப்படும் மென்பொருள்
மூலநிரல் – மென்பொருளை உருவாக்க எழுதப்படும் கட்டளைத் தொகுப்பு
சுழியம் – பூச்சியம்

வினாக்கள்

1. ஒலிவாங்கி கெடவில்லை என்பதை மாணவி எவ்வாறு உறுதிசெய்தாள்?
2. பதிவில் கேட்ட குரல் அழைப்பில் கேட்காமற்போனதன் காரணத்தை எண்களைக்கொண்டு விளக்குக.
3. உங்கள் வீட்டில் இயங்காமல் நின்ற பொருளொன்றின் குறையைக் கண்டறியும் படிகளை வரிசைப்படுத்தி எழுதுக.