வளைகுடாக் கரையோரம் – 5: காற்று ஓய்ந்த காலை

வளைகுடாவில் ஆமைக்குட்டிகளுக்குக் கெட்ட காலம் மார்கழியும் தையும் மாசியும்தான். சராசரியாக 35 மீட்டர் ஆழமே உள்ள கடல் இது. கோடையில் கொதிக்கும், குளிர்காலத்தில் சட்டென்று ஆறிவிடும். தண்ணீரின் சூட்டைப் பொறுத்தே ஆமையின் உடல் இயங்குவதால், சின்ன அழுங்காமைகள் சோர்ந்துபோய் நீந்த மாட்டாமல் மிதக்கின்றன. அசைவில்லாத ஓட்டில் கொட்டலசு ஒட்டுகிறது, பாசி படர்கிறது. பாரம் கூடக்கூட இரை தேட முடிவதில்லை. ஷமால் என்கிற வடமேற்குக் காற்று அடித்தால் கரையில் வந்து விழுகின்றன.

அப்படிக் காற்று அடித்து ஓய்ந்த ஒரு காலையில் துபாயின் ஜெபல் அலி பக்கம் என்னை அழைத்துப் போனவர் தூத்துக்குடிக்காரர். சரக்குக் கிடங்கில் வேலை. கூட வந்தவர்களில் ஒரு ஃபிலிப்பைன்ஸ் செவிலியர், ஒரு மலையாளி ஆசிரியை, அமீரகக் கல்லூரி மாணவர்கள் சிலர். எல்லோரும் வேலைக்குப் போகுமுன் வந்தவர்கள். அலை ஒதுக்கிய பாசிக் குவியலை மிதிக்காமல், குனிந்து கையால் விலக்கிப் பார்க்கிறார்கள். பாசி போர்த்திய ஆமை பாசியாகவே தெரியும்.

ஒன்று கிடைத்தது. சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறியது. கழுத்து மடிப்பில்கூடக் கொட்டலசு. திரும்பக் கடலில் விட்டால் என்ன என்று கேட்டேன்.

"விட்டா மூழ்கிச் செத்துரும் அண்ணாச்சி. தல தூக்கி மூச்சு விடவே தெம்பு கெடையாது. ஈரத்துணி போட்டு டப்பாவுல வச்சுட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும்" என்றார்.

ஆஸ்பத்திரி என்று அவர் சொன்னது துபாய் ஆமை மறுவாழ்வுத் திட்டத்தை. புர்ஜ் அல் அரப் ஓட்டலை நடத்தும் ஜுமைரா நிறுவனம், துபாயின் வனவிலங்குப் பாதுகாப்பு அலுவலகத்தோடு சேர்ந்து 2004 முதல் நடத்திவருகிறது. முதல் வைத்தியம் நல்ல தண்ணீர்தான். உப்பில்லாத நீரில் கொட்டலசு செத்து உதிர்ந்துவிடும். பிறகு மருந்து, இரை, உடம்பு தேறியதும் ஓட்டல் வளாகத்துக் காயலில் நீச்சல். கடல் சூடேறிய பின் விடுதலை. இப்படி 2,000க்கு மேற்பட்ட ஆமைகள் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. அவற்றில் திப்பா என்ற பேராமை, முதுகில் செயற்கைக்கோள் கருவியைச் சுமந்துகொண்டு, 8,000 கிலோமீட்டருக்கும் மேல் நீந்தித் தாய்லாந்துக்கு அருகே வரை போனது. நம் தென்கோடிக் கடலையும் இலங்கையையும் கடக்காமல் அங்கே போக வழியில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொங்குகிறது.

ஜூன் 16, உலகக் கடலாமை நாள். தேறிய ஆமைகளை விடுவதைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் கரையில் கூடுவார்கள். கூடட்டும், அந்தக் காட்சி பிள்ளைகளின் மனத்தில் நிற்கும். ஆனால் ஆமைக்கு ஆள் தேவைப்படுவது ஷமால் ஓய்ந்த மறுநாள் காலையில், குளிரில், கேமரா இல்லாத நேரத்தில். கரையில் குப்பை பொறுக்கவும் அப்படித்தான் ஆள் தேவை. ஷார்ஜாவில் இறந்து ஒதுங்கிய ஆமைகளை அறுத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது: பேராமைகளில் 75 சதவீதத்தின் வயிற்றில் கடல்குப்பை. பிளாஸ்டிக் பை, பாட்டில் மூடி, கயிறு, வலைத் துண்டு.

சென்னை வாசகர்களுக்கு இந்த நடை புதிதல்ல. 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரைப் பக்கமிருந்து பெசன்ட் நகர் நோக்கி இரவெல்லாம் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைப் பத்திரப்படுத்துகிறார்கள். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. கரை நடப்பவர்கள் இல்லையென்றால் அந்தச் சாவுகளை யார் எண்ணியிருப்பார்கள்?

அமீரகத்தில் வேலை பார்க்கும் நம்மவர்களிடம் கேட்கிறேன்: தை, மாசியில் காற்று ஓய்ந்ததும், வேலைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் பக்கத்துக் கடற்கரையில் நடந்து பாருங்கள். தூத்துக்குடித் தம்பி இன்னும் ஆள் போதாது என்றுதான் சொல்கிறார்.

அடுத்த வாரம் ஓமானின் ராஸ் அல் ஜின்ஸ். பேராமைகள் முட்டையிட ஏறும் கரைக்கு நள்ளிரவில் போகிறோம்.