மூட்டில் கொஞ்சம் "பிளே" அதிகம்
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)

ஃபிட்டிங் ஷாப்பில் மூன்று மணி நேரம் வைஸ் முன்னால் நின்றால் எல்லோருக்கும்தான் கால் வலிக்கும். எனக்கு வலிப்பது வேறு மாதிரி. நேராக நிற்கிறேன் என்று நான் நினைக்கும்போதே முழங்கால் பின்பக்கமாக வில் மாதிரி வளைந்திருக்கும். இதற்காக ஹாஸ்டலில் எனக்கு வைத்த பெயரை இந்த மலரில் அச்சிட முடியாது!

எங்க ஊர் கொடைக்கானலுக்கு மேலே பூம்பாறை. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய வயல். பூண்டு, கேரட், உருளை. மூட்டையோடு ஏறுவது பெரிசில்லை, இறங்கும்போதுதான் உயிர் போகும். பழனியிலும் அதே கதை. 693 படியும் ஏறிவிடுவேன், இறங்க வின்ச்சைத் தேடுவேன். இறங்கும்போது தொடைத் தசைதான் பிரேக். அது இழுபட்டுக்கொண்டே உடம்பு எடையைத் தாங்க வேண்டும். முழங்கால் சில்லின் மேல் அழுத்தமும் கூடும்.

முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரே பார்த்து, "எலும்பு நல்லாத்தான் இருக்கு, வயசுப் பையனுக்கு என்ன மூட்டுவலி?" என்று கால்சியம் மாத்திரை தந்தார்கள். வலி போகவில்லை. பிறகு பார்த்த பிசியோதெரபி மேடம் காலைத் தொடவே இல்லை. கட்டைவிரலை மடக்கி முன்கையில் தொடச் சொன்னார். தொட்டது. முழங்கை, முழங்கால் எல்லாம் பின்னால் வளைந்தன. காலை மடக்காமல் குனிந்தால் உள்ளங்கை தரையில் பதிந்தது. இடது சுண்டுவிரல் மட்டும் பின்பக்கம் 90 டிகிரிக்கு வரவில்லை. 9-க்கு 8! (எந்த செமஸ்டரிலும் நான் இப்படி மார்க் வாங்கியதில்லை.) 1973-ல் பெய்ட்டன் என்பவர் வகுத்த கணக்கு இது. ஐம்பது வயதுக்குள் உள்ள பெரியவர்களுக்கு 5 வந்தாலே மூட்டுத் தளர்வு என்று பொருள்.

நம்ம பாஷையில் சொன்னால் கிளியரன்ஸ் ஃபிட். தேய்ந்து ஆடவில்லை, செய்யும்போதே டாலரன்ஸ் தாராளம். எலும்போடு எலும்பைக் கட்டும் லிகமென்ட் பிறவியிலேயே இளக்கம். டைட் பண்ண அதில் நட்டு இல்லை. வெறும் வலிக்காக ஆபரேஷன் செய்வதும் வழக்கமில்லை. சில்லு அடிக்கடி விலகினால்தான் அந்தப் பேச்சு. வலி மாத்திரை சில நாளைக்கு. நீ-கேப், டேப் எல்லாம் ரொம்ப நேரம் நிற்கிற நாளுக்கு.

மிச்ச வேலை முழுக்கத் தசைக்குத்தான். கம்பத்துக்குச் சுற்றிலும் ஸ்டே ஒயர் கட்டுவது போல, தொடையும் இடுப்பும் பலமானால் மூட்டு ஆடாது. சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்து பத்து எண்ணுவது, ஒற்றைக்காலில் நிற்பது, பிறகு அதையே கண்ணை மூடிக்கொண்டு. இந்தக் கடைசிதான் முக்கியம். கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற தகவல் நம்ம மாதிரி மூட்டிலிருந்து மூளைக்குச் சரியாகப் போவதில்லை. 2004-ல் கிளாஸ்கோவில் எட்டு வாரம் வீட்டுப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததில் அந்த உணர்வும் தேறியது, வலியும் குறைந்தது. எனக்கு எட்டு வாரம் போதவில்லை, நான்கு மாதம் ஆனது. இன்றும் வைஸ் முன்னால் முழங்காலைத் துளி மடக்கித்தான் நிற்கிறேன். வீக்கம், மடங்காமல் பூட்டிக்கொள்வது, சில்லு விலகுவது இருந்தால் பயிற்சியை விட்டுவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

"வீட்ல வேற யாருக்கு இப்படி?" என்று மேடம் கேட்டார். அம்மாவுக்கு! கட்டைவிரல் கையில் ஒட்டும், சின்ன வயதில் எங்களுக்கு அது வேடிக்கை. ஆனால் வயலில் இரண்டு நடைக்கு மேல் மூட்டை தூக்கினால் உட்கார்ந்துவிடுவார். "சோம்பேறி" என்று அப்பத்தா இருபது வருஷமாகச் சொல்லி வந்தது. லீவுக்குப் போனபோது அம்மாவுக்கு மார்க் போட்டேன். 6. விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் நடிக்கலைதானே?" என்றார்.

இப்போது அடுப்பில் உலை கொதிக்கிறபோது அம்மா சுவரில் சாய்ந்து பத்து எண்ணுகிறார். நானும் பக்கத்தில். அப்பத்தா திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆத்தாளும் மவனும் செவுத்தத் தாங்கிட்டு நிக்கிறதப் பாரு" என்கிறது.