உம்மாவின் மூளைப் படமும் எம் வீட்டுக் கணினியும்

முன்னாளில் வைத்தியசாலைக்குச் சென்று திரும்புவோர் ஒரு மருந்துப் போத்தலையும் மடித்த துண்டுச் சீட்டொன்றையுமே கையிற் கொண்டுவருவர். இக்காலத்திலோ ஓர் இறுவட்டையும் உறையிலிட்டுக் கொடுத்துவிடுகின்றனர். பெற்று வருவோரிற் பலர் காணி உறுதி வைக்கும் பெட்டியில் அதனையும் வைத்துப் பூட்டிவிடுகின்றனரேயன்றி, உள்ளே என்ன இருக்கின்றதென்று பார்ப்பதில்லை. பார்க்கும் வழி தெரியாமையே காரணம். கல்முனையில் எம் வீட்டிலும் அவ்வாறே ஓர் இறுவட்டு இரண்டு கிழமை பெட்டிக்குள் கிடந்தது. எம் உம்மாவின் தலையை எம்.ஆர்.ஐ. இயந்திரத்திற் படம் பிடித்த இறுவட்டு அது.

உம்மாவுக்கு வயது 72. நெடுநாளாகத் தலையிடி. படம் எடுத்ததில், மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து சிறு கட்டியொன்று இடப்பக்கம் வளர்ந்திருப்பதாக அறிக்கை வந்தது. இத்தகைய கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, மெல்லவே வளர்பவை. சிலருக்குச் சத்திரசிகிச்சை வேண்டும். சிலருக்குக் காலத்துக்குக் காலம் படம் எடுத்துக் கவனித்து வருவதே போதும் என்று வைத்தியர் விளக்கினார். இரண்டில் எதனை ஏற்பது என்று குடும்பமாகக் கூடி யோசித்தோம். வீட்டில் எவருக்கும் அந்நாட்களில் உறக்கம் சரியாக இல்லை. இங்கிலாந்தில் வைத்தியராகத் தொழில் புரியும் உறவினர் ஒருவரிடம் கேட்டபொழுது, "அறிக்கையைப் போனில் பிடிச்சனுப்பினாப் போதாது மச்சான், முழுப் படமும் வேணும். ஆனா மாமிட பேரை எடுத்துப்போட்டு அனுப்புங்க" என்றார்.

அவ்வார்த்தையே எம்மை இவ்வேலையில் இறக்கிவிட்டது.

எம் வீட்டு மேசைக்கணினி பழையது. கடலுக்கு அணித்தாக வாழ்வோர் அறிவர். உப்புக் காற்று இரும்பென்று எதனையும் விட்டுவைப்பதில்லை. அதன் பெட்டியின் பின்புறம் துருவேறி, ஆணிகள் திருகவும் மறுக்கும் நிலையிலிருந்தது. ஆயினும் அதற்கொரு பெருமை உண்டு. இறுவட்டைச் செருகும் வாய் அதனிடம் இருந்தது. புதிதாக வரும் மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் அவ்வாய் இல்லை. தங்கையின் மகன், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சம்மாந்துறைப் பீடத்தில் கணினி கற்பவர், தமது புதிய கணினியை ஓரமாக வைத்துவிட்டு எமது பழையதன் முன் அமர்ந்தார்.

இறுவட்டோடு ஒரு பார்வை மென்பொருளும் வந்திருந்தது. அது எம் கணினியில் அசையவில்லை. உள்ளே நோக்கினால் நூற்றுக்கணக்கான கோப்புகள். பெயருக்குப் பதிலாக இலக்கங்கள். இவை 'டைகொம்' என்னும் முறையில் எழுதப்பட்டவை என்றார் மருமகன். முன்பு ஒவ்வொரு கம்பனியின் இயந்திரமும் தன் படத்தைத் தனக்கு மட்டும் விளங்கும் பாஷையில் எழுதி வைத்தது. ஓரிடத்தில் எடுத்த படத்தை இன்னோரிடத்தில் திறக்க முடியாது. அமெரிக்காவின் கதிரியல் வைத்தியர் சங்கமும் உபகரண உற்பத்தியாளர் சங்கமும் கூடி 1985 இல் ஒரு பொது முறையை வெளியிட்டன. அது திருந்தி 1993 இல் டைகொம் என்று பெயர் பெற்றது. இன்று கல்முனையிலுள்ளவர் அனுப்பும் படத்தை லண்டனிலுள்ளவர் திறக்க முடிவது இவ்வுடன்பாட்டினாலேயே.

மென்பொருளைத் தேர்வதில் மருமகனுக்கு முதலில் பேராசை எழுந்தது. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் பொது வைத்தியசாலை ஆய்வாளர்கள் ஆக்கிய 'பிரீசேர்பர்' என்பதை நிறுவ வேண்டுமென்றார். அது மூளையின் மேற்பட்டையை மடிப்பு மடிப்பாக அளந்து கணக்குக் கூறவல்லது, இலவசம், பெயரைப் பதிந்து அனுமதிக் கோப்பொன்றை மின்னஞ்சலிற் பெற்றாற் போதும். ஆனால் அது விண்டோஸில் நேரே இயங்காது. லினக்ஸோ மக்கின்ரொஷோ வேண்டும். ஒரே ஒரு மூளையைக் கணிக்கப் பல மணி நேரம் ஓடும். அவ்வளவு நேரம் எம் கணினி சூட்டைத் தாங்குமா என்பதே சந்தேகம். மேலும் உம்மாவின் மேற்பட்டையின் தடிப்பை எவரும் எம்மிடம் கேட்கவில்லை. எலி வேட்டைக்குத் தவில் எதற்கு?

ஆகவே சிறியதொன்றைத் தேடினோம். தென் கரோலினாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ் றோர்டன் ஆக்கி இலவசமாக வழங்கும் 'எம்.ஆர்.ஐ.குரோ ஜி.எல்.' கைக்கடக்கமானது. அதனை நிறுவுவது என்பதற்கு அதிகப் பொருளில்லை. சுருக்கிய கோப்பைத் தரவிறக்கி, விரித்து, திறந்தாற் போதும். விரித்தவுடன் விண்டோஸ் நீலப் பலகையொன்றை நீட்டி, இதனை ஆக்கியோரைத் தான் அறியேன் என்று எச்சரித்தது. அவ்வெச்சரிக்கையைப் பழித்தலாகாது. எங்கெங்கோ கிடைக்கும் பிரதியை எடுக்காமல், ஆக்கியோரின் சொந்தப் பக்கத்திலிருந்தே எடுத்தோம் என்பதை மருமகன் மறுபடியும் சரிபார்த்த பின்னரே மேலே சென்றார். திறந்தால் கறுப்புத் திரை! வரைகலைச் சில்லுக்குரிய இயக்கி பழையது என்று கண்டு அதனைப் புதுப்பித்தார். இடையில் மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. அஸர் பாங்கு ஒலிக்கும் வேளையில் திரையில் ஒரு மூளை தோன்றிற்று.

தோன்றியது ஒன்றல்ல, மூன்று: மேலிருந்து கண்ட வெட்டு, முன்னிருந்து கண்ட வெட்டு, பக்கவாட்டு வெட்டு. மூன்றின் மேலும் குறுக்கும் நெடுக்குமாக இரு கோடுகள். ஒரு படத்தில் ஓரிடத்தைத் தொட்டால் ஏனைய இரண்டிலும் கோடுகள் அவ்விடத்துக்கு நகர்ந்து நிற்கும். நாம் இதனை விளங்கிக்கொள்ளத் திணறிக்கொண்டிருக்க, பின்னால் நின்ற உம்மா, "பாவும் ஊடையுந்தானே" என்றார். உம்மா பிறந்தது மருதமுனை; மணமுடிக்கும்வரை தறியில் இருந்தவர். நூல் நூலாகப் புடைவை அமைவது போலப் புள்ளி புள்ளியாக அமைந்ததே இப்படமும். உம்மாவின் படத்தில் ஒரு புள்ளி ஒவ்வொரு பக்கமும் சுமார் 1 மில்லிமீற்றர் அளவுள்ள சிறு கட்டி. 1971 ஒக்டோபர் 1 ஆம் திகதி லண்டனில் கொட்பிரி ஹவுன்ஸ்பீல்டின் சி.ரி. இயந்திரம் முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளையைப் பிடித்தபொழுது, படமொன்றின் அகலம் 80 புள்ளிகளே. எம்.ஆர்.ஐ. என்பது கதிர்வீச்சின்றிக் காந்தத்தால் இயங்கும் வேறு முறை. அதனினும் நுணுக்கமாக மூளையின் மென்மையான பகுதிகளைக் காட்டும்.

இவ்விடத்திற்றான் வீடு கலங்கிற்று. வைத்தியசாலை தந்த படச்சுருளைத் தங்கை யன்னல் வெளிச்சத்திற் பிடித்தார். அதிற் கட்டி வலப்புறம் இருந்தது. கணினியிலோ இடப்புறம். "அறிக்கையில இடம் எண்டு கிடக்கு, படத்தில வலம் எண்டு கிடக்கு. ஒப்பரேசன் எண்டா எந்தப் பக்கம் வெட்டப் போறாங்க?" என்று கேட்டவர் அழவே தொடங்கிவிட்டார்.

அச்சத்துக்கு இடமில்லை. கதிரியல் வைத்தியர் கட்டிலின் கால்மாட்டில் நின்று நோயாளியை நோக்குவது போலப் படத்தை வைப்பர். எதிரே இருப்பவரின் இடக்கை எமக்கு வலப்புறமாகத் தோன்றுவதன்றோ? மூளை ஆய்வாளரிற் பலர், நோயாளியின் பின்னே நின்று பார்ப்பது போல, இடத்தை இடமாகவே வைப்பர். எமது மென்பொருள் அன்று இரண்டாவது முறையில் நின்றது. விரும்பினால் முதலாவதற்கு மாற்றிக்கொள்ளலாம். படத்தின் ஓரத்திலுள்ள 'எல்', 'ஆர்' என்ற எழுத்துகளைப் பார்த்தே இடவலம் துணிய வேண்டும், கண்ணை நம்பலாகாது. ஆய்வுகூடங்களிலுங்கூட இம்மயக்கம் நேராதிருக்க, படுப்பவரின் தலையில் ஒரு பக்கம் விற்றமின் ஈ மாத்திரையொன்றை ஒட்டிவிடுவதுண்டாம். அது படத்திற் சிறு வெண்புள்ளியாய்த் தெரிந்து பக்கத்தைச் சொல்லிவிடும். தங்கைக்கு இதனைக் கேட்ட பின்னரே மூச்சு வந்தது.

பின்னர் மருமகன் ஒரு பொத்தானை அழுத்தினார். வெட்டுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து முழுத் தலையாகத் திரண்டன. மூடிய கண்கள், மூக்கு, உதடு, தாடை. உம்மா! மயிர் இவ்வகைப் படத்தில் விழாதாகையால் மொட்டைத் தலை. ஒருவரும் பேசவில்லை. தலையில் முக்காடின்றி உம்மாவை நாம் கண்டதே அரிது. "மூடு மகன், முக்காடில்லாமக் கிடக்கிறன்" என்றார் உம்மா. மருமகன் அவ்வுருவத்தைத் தம் தொலைபேசியிற் சேமித்திருந்தார்; சாச்சிமாருக்குக் காட்டும் எண்ணம். உம்மா அருகே நின்று அதனையும் அழிப்பித்த பின்னரே அடுக்களைக்குச் சென்றார்.

இதனை வயோதிபரின் கூச்சம் என்று தள்ளிவிட எமக்கு மனமில்லை. 2019 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களிலிருந்து முகங்களைத் திரட்டி, அவற்றை அவர்களுடைய புகைப்படங்களோடு கணினியைக் கொண்டு ஒப்பிட்டனர். 70 பேரைக் கணினி சரியாக அடையாளம் கண்டது. பெயரை நீக்கினாலும் முகம் காட்டிக்கொடுக்கும் என்பதனாற்றான், ஆய்வுக்குக் கொடுக்கும் படங்களில் முகப்பகுதியையே அழித்துவிடும் மென்பொருள்கள் வந்துள்ளன. டைகொம் கோப்பு ஒவ்வொன்றினுள்ளும் நோயாளியின் பெயரும் பிறந்த திகதியும் பதிவெண்ணும் எழுதப்பட்டிருக்கும். படத்தில் அவை தெரிவதில்லை. இறுவட்டை ஊரார் கையிற் கொடுப்போர் இதனைக் கருதுவது நன்று. அதற்கென உள்ள கருவியால் மருமகன் அவ்விவரங்களை நீக்கிய பின்னரே படங்கள் இங்கிலாந்துக்குச் சென்றன. மூலத்தின் பிரதிகள் இரண்டை வெவ்வேறு வீடுகளில் வைத்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26 இற் கடல் ஊருக்குள் வந்தபொழுது, மர்ஹூம் வாப்பாவின் நெஞ்சுப் படங்களும் பத்திரங்களும் ஒரே அலுமாரியிலிருந்து ஒரே அலையோடு போயின.

ஒன்று சொல்லியாக வேண்டும். இத்தகைய இலவச மென்பொருள்கள் ஆய்வுக்கும் கல்விக்குமென ஆக்கப்பட்டவை. நோயை நிர்ணயிப்பதற்கு அல்ல. நாம் அதில் எதனையும் நிர்ணயிக்கவில்லை. வைத்தியர் பேசும்போது எதனைச் சுட்டுகிறார் என்பது எமக்கு விளங்கிற்று. கேட்க வேண்டிய கேள்வி வாயில் வந்தது. அவ்வளவே எமக்குக் கிடைத்த பிரயோசனம்.

உறவினரும் இங்குள்ள வைத்தியரும் ஒருவரையொருவர் அறியாமலே, பொறுத்துப் பார்க்கலாம் என்றனர். கட்டியின் அளவு 16 மில்லிமீற்றர். ஆறு மாதத்தின் பின் இரண்டாவது இறுவட்டு வந்தது. மருமகன் இரண்டையும் பக்கத்திற் பக்கமாகத் திறந்து வைக்க, நாம் நெடுநேரம் உற்றுப் பார்த்தும் வேற்றுமை காணவில்லை. வைத்தியர் அளந்து, வளரவில்லை என்றே எழுதிக் கொடுத்தார். தலையிடிக்குக் கட்டி காரணமல்லாதிருக்கலாம் என்று வேறு மருந்தும் கொடுத்திருக்கிறார். அடுத்த படம் நோன்புப் பெருநாள் கழிந்த பின்னர் எடுப்பதென்று உம்மாவே நாள் குறித்திருக்கிறார்.